நேற்றும் 'ஹாவ்'வும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்

முதலாண்டில் நான் எழுதிய முதல் ஆங்கிலக் கட்டுரை திருத்தப்பெற்றுத் திரும்பி வந்தபோது, அதில் என் எழுத்தைக் காட்டிலும் சிவப்பு மையே மிகுந்திருந்தது. "ஐ ஹாவ் ஜாயின்ட் திஸ் காலேஜ் லாஸ்ட் மன்த்" என்று தொடங்கியிருந்தேன். அதில் 'ஹாவ்' அடிக்கப்பட்டிருந்தது. "வி ஹாவ் விசிட்டட் தி லைப்ரரி எஸ்டர்டே" என்று ஒரு தொடர். அங்கும் 'ஹாவ்' அடிக்கப்பட்டிருந்தது. ஒரே பக்கத்தில் நான்கு 'ஹாவ்'கள் போயின. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியம் எடுத்தவன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? 'ஹாவ்' என்பது ஆபத்தான சொல், அதைத் தொடாதிருப்பதே நல்லது என்ற முடிவுக்குத்தான் வந்தேன். அன்று முதல் கண்ட இடமெல்லாம் அதை நீக்கிவிட்டேன்.

அதன் விளைவு அடுத்த கோடை விடுமுறையில் தெரிந்தது. என் அண்ணன் ஓர் அலுவலகத்தில் தினக்கூலியாக வேலை பார்க்கிறார். அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நீண்ட நாள் பணியாற்றுவோரை நிரந்தரமாக்கப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "தம்பி, ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடு" என்றார். மேலதிகாரி தமிழறியாதவர், ஆகவே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். வீட்டில் ஆங்கிலம் படிப்பவன் நான் ஒருவனே. "ஐ வொர்க்ட் இன் திஸ் ஆஃபீஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த அதிகாரி, எழுத்தர் ஒருவர் வாயிலாக அண்ணனிடம் கேட்ட கேள்வி: "வேலையை விட்டு எத்தனை நாள் ஆயிற்று?" அண்ணனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நான் எங்கே ஐயா விட்டேன்? இங்கேதானே இருக்கிறேன்!" என்றிருக்கிறார். விவரம் தெளிவாக இல்லை என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. அவ்வாண்டுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. அதற்கு என் வாக்கியம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும் அந்த வாக்கியத்தில் ஒரு 'ஹாவ்' இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி.

ஓரிடத்தில் இருக்கவே கூடாத சொல், மற்றோரிடத்தில் இருந்தே தீர வேண்டியதாகிறது. இதனை முடிவு செய்வது எது? வாக்கியத்தில் வரும் காலச்சொல் என்பது என் ஆசிரியர்கள் பின்னர் எனக்குப் புரியவைத்த உண்மை. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன். மலரின் தமிழ்ப் பகுதிக்கு எழுதுவதால் ஆங்கிலத் தொடர்களையும் தமிழெழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் விளங்கிவிடும்.

காலம் மூன்று என்றார் தொல்காப்பியர். நன்னூலாரும் அவ்வாறே கூறினார். நம் பள்ளி ஆங்கில இலக்கணமோ ஒவ்வொரு காலத்தையும் நான்காகப் பிரித்துப் பன்னிரண்டு என்று அட்டவணை போடுகிறது. அந்தப் பன்னிரண்டில் நம்மைக் குழப்புவது பிரசண்ட் பெர்ஃபெக்ட். 'செய்திருக்கிறேன்' என்று அதற்குத் தமிழ் சொல்லித் தருகிறார்கள். செயல் முடிந்துவிட்டது, ஆகவே இதுவும் ஓர் இறந்தகாலம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பிழையின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெயரிலேயே 'பிரசண்ட்' இருக்கிறதே, அதை நாம் கவனிப்பதில்லை. டென்மார்க் நாட்டு ஆங்கில இலக்கண அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் (1860–1943) இதனை நிகழ்காலத்தின் ஒரு வகையாகவே கொண்டார். இப்போது நின்றுகொண்டு பின்னோக்கிப் பார்க்கும் நிகழ்காலம் அது.

அதன் பிறப்பை அறிந்தால் இன்னும் தெளிவாகும். பழைய ஆங்கிலத்தில் 'ஹாவ்' என்பது 'என்னிடம் இருக்கிறது' என்னும் உடைமைப் பொருளையே தந்தது. 'ஐ ஹாவ் தி லெட்டர் ரிட்டன்' என்ற அமைப்புக்கு, 'எழுதப்பட்ட நிலையில் கடிதம் என்னிடம் இருக்கிறது' என்பது பொருள். காலப்போக்கில் சொற்கள் இடம் மாறி 'ஐ ஹாவ் ரிட்டன் தி லெட்டர்' ஆயிற்று. உடைமைப் பொருள் தேய்ந்து மறைந்தது. ஆனால் 'இப்போது இருக்கிறது' என்ற காலப்பொருள் மறையவில்லை. 'நேற்று என்னிடம் இப்போது இருக்கிறது' என்று யாரேனும் சொல்வார்களா? 'ஹாவ்'வுக்கும் 'எஸ்டர்டே'வுக்கும் உள்ள பகை இதுதான்.

எனவே காலச்சொற்களைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்தச் சொல் குறிக்கும் காலம், நாம் பேசும் இந்நேரத்தைத் தொடுகிறதா, அல்லது அதற்கு முன்பே முடிந்துவிட்டதா? எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 1969, அட் ஃபைவ் ஓ கிளாக், வென் ஐ வாஸ் எ சைல்ட் ஆகியவை முடிந்துபோன காலங்கள். இவற்றோடு சிம்பிள் பாஸ்ட் மட்டுமே வரும். ஸோ ஃபார், அப் டு நவ், யெட், சின்ஸ் போன்றவை பேசும் நேரம் வரை நீளுபவை; இவற்றுக்கு 'ஹாவ்' வேண்டும். எவர், நெவர் இரண்டும் பெரும்பாலும் இந்தப் பக்கமே. "மேன் ஹாஸ் வாக்ட் ஆன் தி மூன்" என்பது சரி. மனித இனத்தின் சாதனை இன்றும் அதன் கணக்கில் இருக்கிறது. எப்போது என்று சொல்லத் தொடங்கிய உடனே, "மேன் வாக்ட் ஆன் தி மூன் இன் 1969" என்று மாற்றியாக வேண்டும். 1972 வரை பன்னிருவர் நிலவில் நடந்தனர். அதுவும் ஆண்டோடு சொன்னால் 'வாக்ட்'தான்.

ஆண்டே சொல்லாவிட்டாலும் சில இடங்களில் 'ஹாவ்' வராது. 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில் அரையாடைக்கு மாறினார். "காந்தி கேம் டு மதுரை" என்கிறோம். "காந்தி ஹாஸ் கம் டு மதுரை" என்றால், அவர் இப்போது மதுரையில் இருக்கிறார், போய்ப் பார்க்கலாம் என்று பொருள்படும். ஆயினும் "காந்தி ஹாஸ் இன்ஃப்ளுயன்ஸ்ட் மெனி லீடர்ஸ்" என்பதில் பிழை இல்லை. மனிதர் மறைந்தார், அவர் தந்த தாக்கம் இன்றும் இருக்கிறது.

இருபுறமும் சாயக்கூடிய சொற்கள் சில உண்டு. டுடே, திஸ் மார்னிங், திஸ் வீக், திஸ் செமஸ்டர் என்பன இவ்வகை. காலை பதினொரு மணிக்கு ஒருவரைப் பார்த்து, "ஹாவ் யூ சீன் தி பிரின்சிபல் திஸ் மார்னிங்?" என்று கேட்கலாம்; காலை இன்னும் முடியவில்லை. அதே கேள்வியைப் பிற்பகல் மூன்று மணிக்குக் கேட்பதானால் "டிட் யூ ஸீ தி பிரின்சிபல் திஸ் மார்னிங்?" என்றே கேட்க வேண்டும். சொல்லில் மாற்றம் இல்லை. கடிகாரம் மாறியதால் வினை மாறியது! பருவத் தேர்வுக்கு முன் "திஸ் செமஸ்டர் ஐ ஹாவ் ரிட்டன் டூ டெஸ்ட்ஸ்" என்போம். பருவம் முடிந்து ஊருக்குப் போனபின் "லாஸ்ட் செமஸ்டர் ஐ ரோட் டூ டெஸ்ட்ஸ்". விதியை மனப்பாடம் செய்பவனை இந்தச் சொற்கள் ஏமாற்றிவிடும். காரணம் தெரிந்தவனை ஏமாற்றா.

'அகோ'வைப் பற்றி எனக்கு இன்றும் ஒரு வியப்பு உண்டு. 'டூ இயர்ஸ் அகோ' என்று சொல்லும்போது நாம் இன்றிலிருந்துதானே பின்னோக்கி எண்ணுகிறோம்? அப்படியிருக்க அது 'ஹாவ்'வோடு சேர வேண்டும் அல்லவா? சேராது. எண்ணத் தொடங்குவது இன்றிலிருந்து என்றாலும், எண்ணிப் போய் நிற்கும் இடம் முடிந்துபோன ஓரிடம். நாம் பலர் இதனை 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்று எழுதுகிறோம். 'இரண்டு ஆண்டுகளுக்கு முன்' என்னும் தமிழை அப்படியே பெயர்த்ததால் வரும் பிழை அது.

இனி நம் தமிழுக்கு வருவோம். நாம் ஏன் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்? கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் கருதக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. "நேற்றே பணம் அனுப்பியிருக்கிறேன்" என்பது குற்றமற்ற தமிழ். "1990இல் ஒருமுறை தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்திருக்கிறேன்" என்று நம் தாத்தா சொன்னால் எவரும் திருத்த மாட்டார். தமிழில் 'நேற்று'வும் 'இருக்கிறேன்'னும் நட்பாகவே வாழ்கின்றன. காரணம், 'அனுப்பியிருக்கிறேன்' என்பதற்குள் இரண்டு வினைகள் இருக்கின்றன. 'அனுப்பி' என்பது வினையெச்சம். 'இருக்கிறேன்' என்பது முற்று. நேற்று என்னும் சொல் 'அனுப்பி'யோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. 'இருக்கிறேன்' இன்றைக்கு நிற்கிறது. இருவர் இருக்கும் வீட்டில் ஆளுக்கோர் அறை போல, வினைக்கொரு காலம். ஆங்கிலத்தில் அப்படி இடமில்லை. அங்கே 'எஸ்டர்டே' வந்தால் காலம் காட்டும் 'ஹாவ்'வோடுதான் முதலில் மோதுகிறது.

நமக்கு இது தலைக்குனிவும் அன்று. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் மொழியில் 'ஹாவ்'வுக்கு இணையான துணைவினையை நேற்று என்னும் சொல்லோடு சேர்த்துத் தாராளமாகப் பேசுகின்றனர். ஆங்கிலம் கற்கும்போது அவர்களும் நம்மைப் போலவே இடறுகின்றனர். வோல்ஃப்காங் கிளைன் என்னும் ஜெர்மானிய மொழியியலறிஞர் 1992இல் இதுபற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலேயே இதனைப் 'புதிர்' என்றார்.

தமிழ் 'இருக்கிற'த்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. விடியற்காலையில் கதவைத் திறக்கிறோம், முற்றம் நனைந்திருக்கிறது. "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை. ஈரத்தைப் பார்த்து அறிந்தோம். "மாமா நேற்று வந்திருக்கிறார், நான்தான் வீட்டில் இல்லை" என்பதும் அப்படியே. நேரில் காணாததைப் பின்னர் அறிந்து சொல்வதற்கு நாம் இந்த வடிவைப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலப் பெர்ஃபெக்டுக்கு இந்தப் பொருள் கிடையாது. ஆகவே மாமா வந்ததை "அங்கிள் கேம் எஸ்டர்டே" என்றுதான் சொல்ல வேண்டும். காணாமல் அறிந்தது என்பதை 'இட் ஸீம்ஸ்' என்றோ வேறு விதமாகவோ தனியே சேர்க்க வேண்டும். மழையை "இட் மஸ்ட் ஹாவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" எனலாம்.

சற்று நில்லுங்கள். இந்தக் கடைசித் தொடரில் 'ஹாவ்' இருக்கிறது, 'லாஸ்ட் நைட்'டும் இருக்கிறது. ஆனால் பிழை இல்லை! இரண்டாம் ஆண்டில் இதைக் கண்டபோது, விதியே பொய்யோ என்று மலைத்துப்போனேன். வகுப்பில் கேட்டேன். விடை எளிதாக இருந்தது. இங்கே காலத்தைச் சுமப்பது 'ஹாவ்' அன்று. அதற்கு முன் 'மஸ்ட்' வந்துவிட்டது. 'ஹாவ்' நிகழ்காலத்தை இழந்து வெறும் துணையாக நிற்கிறது. அதனால் 'லாஸ்ட் நைட்'டோடு அதற்குப் பகை இல்லை. "ஹி ஸீம்ஸ் டு ஹாவ் லெஃப்ட் எஸ்டர்டே" என்பதும், "ஹாவிங் மெட் ஹிம் எஸ்டர்டே, ஐ நீட் நாட் கோ டுடே" என்பதும் இவ்வாறே சரியானவை. 'நேற்று என்றால் ஹாவ் வேண்டாம்' என்ற விதியை நான் முதலாண்டில் தவறாகப் படித்திருந்தேன். நிகழ்காலம் காட்டும் 'ஹாவ்', 'ஹாஸ்' இரண்டுக்கு மட்டுமே அந்தத் தடை. 'ஹாட்' என்று இறந்தகாலமாகிவிட்டாலும் தடை போய்விடும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "சாப்பிட்டாயா?" என்று நாம் இறந்தகாலத்தில் கேட்கிறோம், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது "ஹாவ் யூ ஈட்டன்?" ஆகிறது. "சாப்பிட்டுவிட்டேன்" என்னும் நம் 'விடு'வுக்குப் பெரும்பாலும் 'ஹாவ்'வும் ஓர் 'ஆல்ரெடி'யும் பொருந்தும். 'வரவில்லை' என்பது அதைவிட வேடிக்கை. "நேற்று வரவில்லை", "இன்னும் வரவில்லை": வினை ஒன்றே, காலச்சொல் மட்டுமே வேறு. ஆங்கிலத்திலோ 'டிட் நாட் கம்', 'ஹாஸ் நாட் கம்' என்று வினையும் பிரிந்துபோகிறது. காலத்தை நாம் ஒரு சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறோம்; அவர்கள் இரண்டிடத்தில் சொல்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார்கள்.

'ஃபார்', 'சின்ஸ்' இரண்டும் தேர்வில் தவறாது வருபவை. கால அளவுக்கு 'ஃபார்'. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பது பிழை. 'சின்ஸ் 2023' சரி. இதுவரை எல்லோரும் அறிவோம். நாம் தவறுவது வினையில். "மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்" என்று தமிழ் நிகழ்காலத்தைப் பயன்படுத்துகிறது. நடந்துகொண்டிருப்பதால் நிகழ்காலம், நியாயம்தானே! அதை நாம் "ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று எழுதினால், ஆங்கிலேயர் அதனை 'மொத்தம் மூன்று ஆண்டு தங்க வந்திருக்கிறேன்' என்று எடுத்துக்கொள்வார். நேற்று வந்து சேர்ந்தவனும் அப்படிச் சொல்லலாம். பின்னோக்கிப் பார்த்து மூன்று ஆண்டை அளந்து, இன்றும் இருக்கிறேன் என்று சொல்ல "ஐ ஹாவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" வேண்டும்.

'ஃபார்' இரு காலத்தோடும் வரும் என்பதில்தான் மிகப்பெரிய பள்ளம் இருக்கிறது. "ஐ லிவ்ட் இன் காரைக்குடி ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றால் காரைக்குடியை விட்டாயிற்று. "ஐ ஹாவ் லிவ்ட் இன் காரைக்குடி ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்றால், வேறு குறிப்பு இல்லாதபோது, இன்றும் அங்கேயே குடியிருப்பு. இரண்டும் இலக்கணப் பிழையற்றவை. அதனால்தான் திருத்துபவர் கண்ணுக்கு இந்தத் தவறு படுவதே இல்லை. 'ஹாவ் - எஸ்டர்டே' பிழை எழுதியவனின் அறியாமையைக் காட்டும், பொருளைக் கெடுக்காது. 'ஃபார்' வாக்கியத்தில் 'ஹாவ்' விடுபட்டால் அறியாமை வெளியே தெரியாது, பொருள் தலைகீழாகிவிடும். நான் முன்னதற்கு அஞ்சிப் பின்னதில் விழுந்தேன்.

'ஜஸ்ட்', 'ஜஸ்ட் நவ்' பற்றிச் சுருக்கமாக: "ஹி ஹாஸ் ஜஸ்ட் லெஃப்ட்" என்பதும் "ஹி லெஃப்ட் ஜஸ்ட் நவ்" என்பதும் வழக்கு. 'நவ்' இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். 'ஜஸ்ட் நவ்' இங்கே 'ஒரு கணத்துக்கு முன்' என்னும் பொருளது. அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட் யெட்?" என்றும், "ஐ ஜஸ்ட் ஏட்" என்றும் பேசுவதைப் படங்களில் கேட்டிருப்பீர்கள். அது அவர்கள் வழக்கு, பிழையன்று. நம் நாட்டிலும் படித்தவர் பலர் 'ஹாவ்'வோடு 'எஸ்டர்டே'யைச் சேர்த்தே பேசுகின்றனர். இத்தனை பேர் பேசினால் அதுவே ஒரு வழக்காகாதா என்று என் வகுப்பு நண்பர் ஒருவர் வாதாடுவார். ஆகலாம். மொழி அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஆனால் தேர்வுத்தாளையும் விண்ணப்பத்தையும் படிப்பவர் அந்த வழக்கை ஏற்கும் நாள் வரை, எழுதும்போது விதியைப் போற்றுவதே நமக்கு நல்லது என்பேன். "ஐ ஹாவ் பாஸ்ட் பி.ஏ. இன் ஏப்ரல் 2024" என்று வேலைக்கு விண்ணப்பிப்பவர் நம்மில் எத்தனை பேர்! 'ஹாவ்'வை எடுங்கள், அல்லது மாதத்தை எடுங்கள். ஏதேனும் ஒன்று போக வேண்டும்.

இதைப் பழக நான் கண்ட நல்ல வழி, நூலகத்தில் ஆங்கில நாளேட்டின் முதற்பக்கத்தைப் பார்ப்பது. செய்தியின் முதல் வாக்கியம் பெரும்பாலும் "தி கவர்ன்மென்ட் ஹாஸ் அனவுன்ஸ்ட்" என்பது போல் 'ஹாஸ்'ஸோடு தொடங்கும். அது இன்றைய செய்தி. இரண்டாம் மூன்றாம் வாக்கியத்தில் எங்கே, எந்தக் கிழமை என்ற விவரம் வரும். உடனே வினை 'டோல்ட்', 'செட்' என்று இறந்தகாலத்துக்கு மாறிவிடும். பென்சிலால் (சொந்தத் தாளாக இருந்தால்) காலச்சொல்லைச் சுழித்து, அதன் வினைக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். பத்து நாளில் காது தானே சொல்லும். நமது ரென் - மார்ட்டின் இலக்கண நூலும் இவ்விதியைக் கூறுகிறது. ஆனால் அதைப் படித்து நான் மனப்பாடம் செய்தேன், நாளேட்டில்தான் புரிந்துகொண்டேன்.

இந்த ஆண்டு பொங்கல் விடுமுறையில் அண்ணனின் விண்ணப்பத்தை மீண்டும் எழுதினேன். "ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் இன் திஸ் ஆஃபீஸ் ஃபார் செவன் இயர்ஸ்" என்று தொடங்கி, அடுத்த வரியில் அவர் சேர்ந்த ஆண்டைக் குறிப்பிட்டு "ஐ ஜாயின்ட்" என்று எழுதினேன். எழுதியதை என் பேராசிரியரிடம் காட்டிய பிறகே அனுப்பினோம். போன வாரம் ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது, "பதில் வந்ததா அண்ணே?" என்று கேட்டேன்.

"வரவில்லை" என்றார்.

"இன்னும் வரவில்லை" என்று நான் திருத்திச் சொன்னேன்.